வலுவிசைக்கு ஈர்ப்பில் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவியல் பேச்சு நடக்கும். பாலக்காடு மாவட்டம்தான். ஆனால் கூட்டத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பாதிப் பேர் வேலந்தாவளம் தாண்டிக் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். ஒருமுறை என் பேச்சுக்கு நோட்டீசில் ‘நாமெல்லாம் நிழல்களா?’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டேன். கூட்டம் வரட்டுமே என்ற ஆசைதான். வந்தது. அன்றிலிருந்து பால் சொசைட்டி, பஸ், கல்யாண வீடு, எங்கே போனாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்.

அணுக்கருவுக்குள் இருக்கும் வலுவிசையை ஈர்ப்பின் சமன்பாடுகளை வைத்துக் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது, ஹோலோகிராஃபி என்று பெயர். ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலம் முழுக்க இந்தக் கணக்கோடுதான் கழித்தேன். இப்போது கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்து, ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

டீச்சர், இந்த வலுவிசைன்னா என்னங்க? கரண்டு தெரியும், காந்தம் தெரியும். இதை யாரும் பாத்ததே இல்லியே?

அது எட்டுகிற தூரம் ரொம்பக் குறைவு, அதனால் கண்ணில் படுவதில்லை. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்கு ஃபெர்மி என்று பெயர். புரோட்டானின் அளவே ஒரு ஃபெர்மியை ஒட்டித்தான். ஒவ்வொரு புரோட்டானுக்குள்ளும் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்கள் இருக்கின்றன. அவற்றைக் குளுவான்கள் என்ற வேறு துகள்கள் பிடித்துக் கட்டி வைத்திருக்கின்றன. அந்தக் கட்டுதான் வலுவிசை. அணுக்கரு சிதறாமல் இருப்பது அதன் மிச்சம் மீதியால்.

பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள். தினமும் தராசில் ஏறிப் பார்க்கிறீர்கள். புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்ல நாங்கள் வைத்திருக்கும் அலகு). அதிலுள்ள மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் 9-ஐ ஒட்டித்தான் வரும். நீங்கள் 60 கிலோ என்றால் குவார்க்குகளின் சொந்த எடை ஏறக்குறைய 600 கிராம். மீதி அத்தனையும் குவார்க்குகளும் குளுவான்களும் அடைபட்டுக் கிடந்து துள்ளும் ஆற்றல், நிறையாகத் தெரிகிறது.

குவார்க்கைத் தனியாப் புடிக்கவே முடியாதாமே. பலமா இழுத்தா வந்துதானே ஆகணும்?

மின்சார விசை தூரம் கூடக் கூடக் குறையும். வலுவிசை குறைவதில்லை. ஒரு குவார்க்கையும் அதன் எதிர்க்குவார்க்கையும் பிரித்து இழுத்தால் நடுவில் ஒரு கயிறு போலப் புலம் திரண்டு நிற்கும். ஒரு ஃபெர்மி இழுத்தாலும் இரண்டு ஃபெர்மி இழுத்தாலும் அதே இழுப்பு, சுமார் 16 டன். வாளையாறு செக்போஸ்ட்டில் ஒரு காலத்தில் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்குமே, அந்த லோடு லாரிகளில் ஒன்றைத் தூக்கிப் பிடிக்கும் விசை, ஒரே ஒரு குவார்க்கின் மேல்.

இழுக்க இழுக்கக் கயிற்றில் ஆற்றல் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் கயிறு அறுந்து, அந்த ஆற்றலிலிருந்து புதிதாக ஒரு குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் பிறந்து, அறுந்த முனைகளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கயிற்றை வெட்டினால் இரண்டு கயிறு கிடைக்குமே ஒழிய, ஒற்றை முனை மட்டும் கையில் வராது. இதைச் சிறைப்பாடு என்கிறோம். கீழே இன்னும் மூன்று இடத்தில் இந்தக் கயிறு வரும்.

சமன்பாடு கையில இருக்குன்னு சொல்றீங்க. அப்புறம் கணக்குப் போட வேண்டியதுதானே? என்ன கஷ்டம்?

சமன்பாடு 1973 முதல் இருக்கிறது. அதே வருடம் கிராஸ், வில்செக், பொலிட்சர் மூவரும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குவார்க்குகள் மிக நெருங்கும்போது அவற்றுக்கிடையிலான பிடி தளர்கிறது. 2004-ல் அதற்கு நோபல். பிடி தளர்ந்த இடத்தில் கணக்கு சுலபம்: முதலில் ஒரு தோராயம், அதன்மேல் ஒரு சின்னத் திருத்தம், அதன்மேல் இன்னும் சின்னது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் புரோட்டானின் அளவுக்கு வந்ததும் பிடி இறுகிவிடுகிறது. திருத்தம் முதல் தோராயத்தை விடப் பெரிதாகிறது. கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்கிய கதை.

இதற்கு நேர்வழி ஒன்று உண்டு. இடத்தையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பெரிய கணினியில் போட்டு அரைப்பது. வில்சன் 1974-ல் தொடங்கி வைத்தார். லாட்டிஸ் என்று பெயர். 2008-ல் இந்த வழியில் புரோட்டானின் நிறையைச் சில சதவீதப் பிழைக்குள் எடுத்துக் காட்டினார்கள். பெரிய சாதனை. அதற்கும் எட்டாத மூலைகள் இருக்கின்றன, பிறகு சொல்கிறேன்.

ஹோலோகிராம்னா ஏடிஎம் கார்டுல மின்னுமே, அந்த ஸ்டிக்கர்தானே?

அதேதான். தட்டையான தாள், பார்த்தால் ஆழம் தெரிகிறது. மூன்று பரிமாணச் செய்தி முழுவதும் இரண்டு பரிமாணத்தில் அடங்கியிருக்கிறது.

இயற்பியலுக்குள் இந்தப் பேச்சு கருந்துளை வழியாக வந்தது. ஒரு பெட்டிக்குள் எவ்வளவு செய்தியை அடைக்கலாம் என்றால் பெட்டியின் கொள்ளளவைப் பொறுத்தது என்றுதான் யாரும் சொல்வோம். ஆனால் கருந்துளையின் என்ட்ரோபி, அதாவது அதற்குள் ஒளிந்திருக்கும் செய்தியின் அளவு, அதன் மேற்பரப்பைப் பொறுத்தது என்று 1970-களின் தொடக்கத்தில் பெக்கன்ஸ்டைன் சொன்னார். ஹாக்கிங் அதை உறுதிப்படுத்தினார். 1993-ல் த’ஹூஃப்ட் துணிந்து ஒரு படி மேலே போனார். ஈர்ப்பு இருக்கும் எந்த இடத்தின் கதையையும் அதன் எல்லைப் பரப்பில் எழுதிவிட முடிய வேண்டும் என்றார். ஹோலோகிராஃபி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அங்கேதான்.

ஏன் அம்மிணி, ஈர்ப்புதான் இருக்கறதுலயே சோப்ளாங்கி விசைன்னு அன்னிக்கு நீதானே சொன்னே? அதை வெச்சு வலுவிசையை எப்படி அளப்பே?

தோப்புக்காரப் பெரியவர் ஒருவர் கேட்டது. இந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. இரண்டு புரோட்டான்களுக்கிடையே மின்விலக்கம் ஈர்ப்பைப் போல 1-க்குப் பின் 36 சுழியம் மடங்கு. ஆகவே தேங்காய் விழுகிற ஈர்ப்பு புரோட்டானுக்குள் ஒன்றும் கிழிப்பதில்லை. அதில் சந்தேகமே வேண்டாம். நாங்கள் கணக்கில் பயன்படுத்துவது வேறொரு இடத்தின் ஈர்ப்பு. நீளம், அகலம், உயரம், காலம், அதற்குமேல் இன்னொன்று என்று ஐந்து பரிமாணம் கொண்ட, காகிதத்தில் மட்டும் இருக்கும் ஒரு வளைந்த வெளி.

1997 நவம்பரில் மால்டசேனா காட்டியது இது. வலுவிசைக்குத் தூரத்து உறவான ஒரு குறிப்பிட்ட குவாண்டம் கோட்பாடு இருக்கிறது, அதில் ஈர்ப்பே கிடையாது. அதுவும், ஒரு பரிமாணம் கூடுதலான வளைந்த வெளியில் ஓடும் ஈர்ப்புக் கோட்பாடும் ஒரே விஷயத்தின் இரண்டு எழுத்துகள். 1998-ல் கப்சர், கிளெபனாவ், பொல்யகாவ் மூவரும், தனியாக விட்டனும், எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று அகராதி எழுதினார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். ஓட்டலில் ‘வெள்ளம் வேணோ?’ என்று கேட்டால் கோயமுத்தூர்க்காரர் திடுக்கிடுவார், மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று தெரிந்த நாம் டம்ளரை நீட்டுவோம். இங்கேயும் அப்படித்தான். ஒரு பக்கம் ‘குழம்பின் வெப்பநிலை’ என்று இருந்தால் மறுபக்கம் ‘கருந்துளையின் வெப்பநிலை’ என்று இருக்கும். ஒரு பக்கம் ‘மேசானின் நிறை’ (ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்தான் மேசான்), மறுபக்கம் ‘அலையின் சுருதி’.

இதில் லாபம் எங்கே என்றால், இந்தப் பக்கம் பிடி எவ்வளவு இறுகுகிறதோ, அந்தப் பக்கம் வளைவு அவ்வளவு மிருதுவாகிறது. முன்பு திருத்தம் அசலை மீறுகிறது என்று சொன்ன இடத்தில்தான் அந்தப் பக்கத்துக் கணக்கு ஐன்ஸ்டீனின் பழைய சமன்பாடாகச் சுருங்குகிறது. அதை ஒரு எம்.எஸ்சி. மாணவரால் போட முடியும்.

சரி, அந்த அஞ்சாவது பரிமாணம் எங்கதான் இருக்கு? கையை எந்தப் பக்கம் நீட்டணும்?

பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து பார்த்திருப்பீர்கள். கூத்துமாடத்தில் வெள்ளைத் திரை, அதன் பின்னால் வரிசையாக 21 விளக்கு, கம்பராமாயணப் பாட்டு. பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் பாவையின் அளவே இருக்கும், வெட்டுக்கள்கூடத் தெரியும். திரையிலிருந்து பின்னுக்கு, விளக்குப் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெருக்கும். 21 விளக்கும் சேர்ந்தால் ஓரம் கலங்கிவிடும். வீட்டில் கரண்டு போன நேரம் ஒற்றை மெழுகுவத்தியில் கையை வைத்துச் செய்து பாருங்கள், நன்றாகத் தெரியும்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஆழம் என்ற திசையே கிடையாது. அவருக்குத் தெரிவது நிழல் சிறிதா பெரிதா என்பதுதான். ஆனால் அந்தச் சிறிசு பெரிசைத்தான் பின்னாலிருப்பவர் ‘ஆழம்’ என்கிறார். ஐந்தாம் பரிமாணமும் அதேதான்: அளவு. எல்லையை ஒட்டினது சின்னது, ஆற்றல் மிகுந்தது. ஆழத்தில் இருப்பது பெரியது, ஆற்றல் குறைந்தது. கையை நீட்ட வேண்டிய திசை ‘உருப்பெருக்கியின் திருகு’.

ஒரு இடத்தில் இந்த உவமை காலை வாரும். நிழலில் பாவையின் செய்தி பாதி தொலைந்துபோகிறது. ஹோலோகிராஃபியில் எதுவும் தொலைவதில்லை, திரையே முழுக்கதை. பின்னால் இருப்பதுதான் நிஜம், திரையில் இருப்பது போலி என்றும் கிடையாது. என் நோட்டீஸ் தலைப்பு தப்பாகப் போனது இங்கேதான்.

இதுல ஸ்ட்ரிங் தியரி எப்ப உள்ள வந்துச்சு?

உள்ளே வரவில்லை, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது. 1968-ல் வெனிசியானோ எழுதிய ஒரு சூத்திரம் வலுவிசைத் துகள்கள் மோதுவதற்காக எழுதப்பட்டது. அது அதிரும் இழையின் கணக்கு என்று நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் ஆகியோர் சொன்னார்கள். குவார்க்குகளுக்கிடையே நான் மேலே சொன்ன கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இழைக் கணக்கில் வேண்டாத விருந்தாளியாக நிறையே இல்லாத ஒரு துகள் வந்துகொண்டே இருந்தது. 1974-ல் ஷெர்க், ஷ்வார்ஸ், தனியாக யொனேயா, ‘அது ஈர்ப்புத் துகள்தான்’ என்றார்கள். இழை ஈர்ப்பு வீட்டுக்கு மருமகளாகப் போய்விட்டது. 23 வருடம் கழித்து மால்டசேனா வழியாக மறுவீடு.

குவார்க் வெளிய வராதுன்னீங்களே, அதை இந்த அஞ்சு பரிமாணப் படத்துல எப்படிக் காட்டுவீங்க?

தோட்டத்துக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம், நம் பக்கத்து அகலமான சதுரக் கிணறு. விளிம்பில் இரண்டு பேர் நின்று ஒரே கயிற்றின் இரு முனைகளைப் பிடித்திருக்கிறார்கள். வேண்டிய மட்டும் நீளும் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவர்தான் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும், கிணற்று விளிம்புதான் நம் உலகம். கயிறு உள்ளே தொங்குகிறது. இருவரும் விலக விலகக் கயிறு இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது.

கிணற்றுக்கு அடியே இல்லை என்றால், விலக விலக அடுத்த அடிக்கு ஆகும் செலவு குறைந்துகொண்டே போகும். மின்விசை போல. மால்டசேனாவின் முதல் கோட்பாடு அப்படிப்பட்டது, அதில் சிறைப்பாடு கிடையாது. கிணற்றுக்கு அடித்தரை போட்டால் கதை மாறுகிறது. கயிறு தரையைத் தொட்டதும் அதற்குமேல் இறங்க இடமில்லை, தரையோடு படுத்து நீள்கிறது. இன்னும் ஒரு அடி விலகினால் தரையில் இன்னும் ஒரு அடிக் கயிறு, ஒவ்வொரு அடிக்கும் அதே செலவு. அந்த 16 டன் மாறாமல் நிற்பது இப்படித்தான். வெளியின் ஆழத்தில் ஒரு அடித்தரை இருப்பதும், நம் உலகில் குவார்க் தனியே வராததும் ஒரே செய்தி. முதன்முதலில் இதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

படமெல்லாம் நல்லாருக்கு. நெசமா ஒரு நம்பர் வருமா டீச்சர், இல்ல கதையோட சரியா?

வரும். நீங்களே கால்குலேட்டரில் போடலாம். 2005-ல் எர்லிக், காட்ஸ், சான், ஸ்டெபனாவ் நால்வரும் ஒரு எளிய மாதிரி எழுதினார்கள். ஐந்தாம் பரிமாணத்தில் குறிப்பிட்ட ஆழத்தில் சுவர் மாதிரி ஒரு தரை, அவ்வளவுதான். அதற்குள் அடைபட்ட அலை எந்தெந்தச் சுருதியில் அதிரலாம் என்று கணக்குப் போட்டால், ஒவ்வொரு சுருதியும் ஒரு மேசானின் நிறை. ரோ என்ற மேசானுக்கு வரும் எண்கள் 2.405, 5.520, 8.654 என்ற விகிதத்தில் போகும். இந்த எண்களை நான் முதலில் பார்த்தது மேளத்தில். வட்டமாகத் தோல் இழுத்துக் கட்டி நடுவில் அடித்தால் வரும் சுருதிகளுக்கும் இதே விகிதம்தான். பெசல் சார்பின் சுழியங்கள் என்பார்கள்.

ரோ மேசானின் நிறை 776 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதை 2.405-ஆல் வகுத்தால் 323. அதைத் தூரமாக மாற்றினால் தரையின் ஆழம் 0.61 ஃபெர்மி. புரோட்டானின் அளவை ஒட்டி வந்துவிட்டது பாருங்கள். இந்த 323-உடன், பையான் என்ற மிக லேசான மேசானைப் பற்றி இன்னும் இரண்டு எண்களை அளவையிலிருந்து வாங்கிக்கொண்டால், மற்றவை தானாக வரும். ஏ-ஒன் என்ற மேசானுக்கு 1363 வந்தது, அளந்தது 1230-ஐ ஒட்டி. பத்துச் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் பிழை. இவ்வளவு ஏழைக் கணக்குக்கு அது மரியாதையான மார்க்.

இப்போது மார்க் குறையும் இடம். ரோவின் அடுத்த சுருதி 5.520 பெருக்கல் 323, அதாவது 1783. இயற்கையில் அது 1465-ஐ ஒட்டி. சுவரை அவ்வளவு கெட்டியாக வைத்ததால் வந்த கோளாறு. மேற்சுருதிகள் அளவுக்கு மீறி விலகிப் போகின்றன. மேளத்திலும் இதே தொல்லை உண்டு. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கறுப்பாகப் பூசுவது மேற்சுருதிகளை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான், சி. வி. ராமன் 1920-லேயே அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 2006-ல் ஹோலோகிராஃபிக்காரர்கள் செய்ததும் அதே ஜாதி வைத்தியம். கெட்டிச் சுவரை எடுத்துவிட்டு, ஆழம் போகப் போக மெல்ல மெல்லத் தடுக்கும் மென்சுவர் போட்டார்கள். நிறையின் வர்க்கம் சமப் படிகளில் ஏற ஆரம்பித்தது, இயற்கையில் மேசான்கள் ஏறுவது போல.

குவார்க் குழம்புன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுக்கும் கருந்துளைக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவில் புரூக்ஹேவனில் தங்க அணுக்கருக்களை மோத விட்டார்கள், ஜெனீவா அருகே செர்னில் ஈய அணுக்கருக்களை மோத விடுகிறார்கள். ஒரு கணம் சுமார் 4 லட்சம் கோடி டிகிரி வெப்பம், சூரிய மையத்தைப் போல இரண்டரை லட்சம் மடங்கு. புரோட்டான், நியூட்ரான் எல்லாம் உருகிக் குவார்க்கும் குளுவானும் கலந்த குழம்பாகின்றன. அது வாயு போலச் சிதறும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். 2005-ல் புரூக்ஹேவன் குழுக்கள் அறிவித்தது வேறு: அது ஏறக்குறைய உராய்வே இல்லாத திரவம். அணுக்கருக்கள் ஓரமாக இடித்தால் குழம்பு பாதாம்பருப்பு வடிவில் பிறக்கிறது, அந்த வடிவத்தின் சாயல் வெளியே வரும் துகள்களின் திசையில் அப்படியே தெரிகிறது. சிதறும் வாயுவாக இருந்தால் அந்தச் சாயல் அழிந்திருக்கும்.

கிணற்றுக்கு வாருங்கள். சூடாக்கினால் அகராதிப்படி அடித்தரையை மூடிக்கொண்டு ஒரு கருந்துளை வரும். கயிறு இப்போது தரையில் படுக்க வேண்டாம், இரண்டாக அறுந்து ஒவ்வொரு துண்டும் நேராகக் கருந்துளைக்குள் விழலாம். விளிம்பில் நிற்கும் இருவருக்கும் பிணைப்பு விட்டுப்போகிறது. குவார்க்குகள் அவிழ்ந்துவிட்டன. உருகுவதை ஈர்ப்பு மொழியில் சொன்னால் அதுதான்.

கருந்துளையில் கல் எறிந்தால் அதன் பரப்பு நடுங்கி அடங்கும். அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதே குழம்பின் பாகுத்தன்மை. பொலிகாஸ்ட்ரோ, சான், ஸ்டாரினெட்ஸ் 2001-ல் போட்ட கணக்கு இது. பாகுத்தன்மையை என்ட்ரோபி அடர்த்தியால் வகுத்தால் இயற்கை அலகில் 1 கீழ் 4 பை, அதாவது சுமார் 0.08. நாம் குடிக்கும் தண்ணீருக்கு இந்த விகிதம் அதைப் போல 380 மடங்கு. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டிப் பாகு பதம் பார்த்தவர்கள் அதை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொள்ளுங்கள். சோதனைகளிலிருந்து எடுத்த குழம்பின் மதிப்போ 0.08-ஐப் போல ஒன்றிலிருந்து மூன்று மடங்குக்குள். அதற்கு முன்பு பெரும்பாலோர் இவ்வளவு சிறிய எண்ணை எதிர்பார்க்கவில்லை. இந்தத் துறையைத் துகள் இயற்பியல் ஆட்கள் திரும்பிப் பார்த்தது இந்த ஒரு எண்ணால்தான்.

அப்ப அமெரிக்காக்காரன் கருந்துளையை உண்டாக்கிட்டானா?

இல்லை. கருந்துளை அகராதியின் மறுபக்கத்தில், காகிதத்தில். குழம்பு இந்தப் பக்கத்தில், கருவியில். ‘வெள்ளம்’ என்று எழுதினதால் ஊருக்குள் வெள்ளம் வந்துவிடாது.

வலுவிசைக்கு நிறம் மூணு. உங்க ஈர்ப்புக் கணக்கு எண்ணவே முடியாத அளவு நிறம் இருந்தாத்தான் வரும்னு படிச்சேன். இது ஏமாத்து வேலை இல்லியா?

கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டது. கேட்டவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ‘நிறம்’ என்பது மின்னூட்டம் போல ஒரு குணம், மூன்று வகை. த’ஹூஃப்ட் 1974-லேயே மூன்றை ஒரு பெரிய எண்ணாக மாற்றிப் பார்த்தார், கணக்கு வெகுவாக எளிதாகிறது. ஈர்ப்புப் பக்கம் சாதாரண ஐன்ஸ்டீன் சமன்பாடாகச் சுருங்குவது அந்த எல்லையில்தான். மூன்றுக்குத் திரும்பி வந்தால் பிழை ஏறக்குறைய மூன்றின் வர்க்கத்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்பதில் ஒன்று. மேலே ஏ-ஒன்னுக்குப் பத்துச் சதவீதத்தை ஒட்டிப் பிழை வந்ததே, அந்த ரகம். குவார்க் வகைகளையும் சேர்த்தால் பிழை இன்னும் பெரிது.

ஆகவே முழு ஏமாற்று இல்லை, முழு நாணயமும் இல்லை. இதை மறைத்துவிட்டு ‘புரோட்டானைத் தீர்த்துவிட்டோம்’ என்று யாராவது சொன்னால் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மால்டசேனாவின் அசல் கோட்பாட்டுக்கு ஈர்ப்புப் பக்கம் எது என்று தெளிவாகத் தெரியும். நம் வலுவிசைக்கு அப்படிப்பட்ட துல்லியமான ஜோடி இன்னும் கையில் இல்லை. விட்டனின் 1998 வழியை ஒட்டி சகாய், சுகிமோட்டோ இருவரும் 2004-ல் கட்டியது மிக நெருங்கி வந்த ஒன்று. மற்றவை, நான் காட்டிய சுவர் மாதிரி உட்பட, அளவெடுக்காமல் கண்மதிப்பில் தைத்த சட்டை. தோளில் சரியாக நிற்கும், கை நீளம் முன்னே பின்னே இருக்கும்.

இதை நிரூபிச்சாச்சா?

கணித நிரூபணம் இல்லை, அனுமானம்தான். மால்டசேனாவின் அசல் ஜோடியில் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கணக்குப் போட முடிந்த இடங்களில் எல்லாம் விடைகள் ஒத்துப்போயிருக்கின்றன, அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். வலுவிசைக்குப் பயன்படுத்தும் மாதிரிகள் வேறு விஷயம், அவற்றைச் சோதனையோடுதான் உரசிப் பார்க்க வேண்டும். 0.08 கூட அடித்தளம் என்று முதலில் நினைத்தார்கள். ஈர்ப்புச் சமன்பாட்டில் மேல்படித் திருத்தங்கள் சேர்த்தால் அதற்குக் கொஞ்சம் கீழேயும் போகலாம் என்று 2007, 2008 வாக்கில் தெரிந்தது.

நம்ம பிரபஞ்சம் விரிஞ்சுட்டே இருக்கு. உங்க அஞ்சு பரிமாண வெளி அப்படி இல்லியாமே?

ஆமாம். அந்த வெளிக்கு எதிர்-டி-சிட்டர் என்று பெயர், அதன் வளைவு எதிர்க்குறி. நம் பிரபஞ்சம் விரிவில் வேகமெடுப்பது, நேர்க்குறிப் பக்கம். பிரபஞ்சமே ஹோலோகிராமா என்று கேட்பவர்களுக்கு இது பெரிய முட்டுக்கட்டை. எங்களுக்கு இல்லை. வலுவிசைக்காரர்களுக்கு அந்த வெளி கணக்குப் போடும் சிலேட்டு மட்டுமே. சிலேட்டின் நிறம் கறுப்பாக இருப்பதால் அதில் எழுதும் வெள்ளாட்டுக் கணக்குத் தப்பாகாது.

லாட்டிஸ் கணக்கு அவ்வளவு துல்லியம்னா இந்தத் தோராயம் எதுக்கு?

லாட்டிஸ் நிற்கும் கோலத்தை நன்றாகப் பிடிக்கும், ஓடுவதைப் பிடிக்கத் திணறும். அந்த முறையில் காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றிக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். குழம்பு ஓடுவது, மோதின மாத்திரத்தில் அது சமநிலைக்கு வருவது ஆகியவற்றை அதிலிருந்து நேராகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. குவார்க் நெருக்கம் மிகுந்த இடத்திலும், உதாரணமாக நியூட்ரான் விண்மீனின் உட்கருவில், லாட்டிஸில் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்று கணினி மூச்சு வாங்கிவிடும். ஹோலோகிராஃபியில் கருந்துளை உருவாவதைக் கணினியில் ஓட்டினால் குழம்பு சமநிலைக்கு வரும் நேரம் கிடைக்கிறது.

புரோட்டானின் உள்ளே நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்ற கேள்வியிலும் இப்போது இது வந்துவிட்டது. அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் ஜே-சை என்ற கனமான மேசானைப் புரோட்டான் மீது உண்டாக்கி அளந்த முடிவுகள் 2023-ல் வெளியாயின. அந்த அளவைகளைப் படிக்க எடுத்துக்கொண்ட மாதிரிகளில் ஒன்று ஹோலோகிராஃபி. அதன்படி புரோட்டானின் நிறை, மின்னூட்டத்தை விடச் சின்ன உருண்டைக்குள் அடங்கியிருக்கிறது. மாதிரியை மாற்றினால் எண் மாறுகிறது என்பதால் இதில் நான் இன்னும் பந்தயம் கட்டவில்லை.

நம்ம நாட்டு ஆளுங்க யாராச்சும் இதுல இருக்காங்களா? எங்க பொண்ணு படிக்கணும்னா எங்க போகணும்?

நிறையப் பேர். கருந்துளைப் பரப்பின் நடுக்கம் முழுத் திரவ இயக்கவியலாகவே வரும் என்று 2007, 2008-ல் காட்டிய குழுவில் மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தின் ஷிராஸ் மின்வாலா இருந்தார். செர்னில் குழம்பை அளக்கும் ஆலிஸ் கருவியின் ஒரு பகுதி இந்தியக் குழுக்கள் கட்டிக் கொடுத்தது. கோட்பாடு படிக்கச் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, பெங்களூரில் இருக்கிறது. பக்கத்தில் வேண்டுமென்றால் கஞ்சிக்கோட்டில் ஐஐடியே வந்துவிட்டது, பஸ் மாறி ஒரு மணி நேரம்.

பிளஸ் டூ முடிக்கும் பெண் என்றால் இப்போதைக்கு இழை, பரிமாணம் எதுவும் வேண்டாம். வகைக்கெழுச் சமன்பாடும் அலைகளும் கை பழகினால் போதும். கேட்ட அக்காவின் மகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: மெழுகுவத்தியையும் சுவரையும் வைத்துக் கையின் தூரத்துக்கும் நிழலின் அளவுக்கும் உள்ள வாய்பாட்டைத் தானே எழுத வேண்டும். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரியில் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தாள், மற்றது எல்லாம் சரி.